கரும்பலகை முன்னால் தனியாக நிற்காதீர்கள்

1950களின் இறுதியில் மயிலாப்பூர் லஸ் பகுதியில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற வீட்டில் இளைஞர்கள் சிலர் கூடி இயற்பியல் பேசிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணனின் வீடு அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பியதும், கோட்பாட்டு இயற்பியலில் நாட்டமுள்ள மாணவர்களைத் தன் வீட்டுக்கே வரவழைத்துக் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார். சென்னைக்கு வந்த வெளிநாட்டு அறிஞர்களும் அங்கே வந்து பேசினார்கள். 1960இல் இந்தியா வந்த நீல்ஸ் போர் இந்தச் சிறு குழுவைப் பார்த்துவிட்டு வெளிப்படையாகப் பாராட்ட, அது பிரதமர் நேருவின் காதுக்குப் போனது. 1962 ஜனவரி 3ஆம் தேதி சென்னையில் கணிதவியல் நிறுவனம் உதயமானது. தொடக்க விழாவுக்கு வந்திருந்தவர் வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர். இன்று தரமணியில் இருக்கும் ‘மேட்சயின்ஸ்’ அதுதான்.

முதலில் பேச்சு, பிறகு கட்டடம். இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகும் பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய வரிசை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திருவாரூரிலோ திண்டுக்கல்லிலோ எம்.எஸ்சி. முடித்தவருக்கு இன்று புத்தகத்துக்குப் பஞ்சமில்லை, காணொளிக்குப் பஞ்சமில்லை. கூட உட்கார்ந்து பேசத்தான் ஆளில்லை. பெரிய நிறுவனத்தில் படிப்பவர் மெஸ்ஸில் சாப்பிடும்போதே தெரிந்துகொள்ளும் சங்கதிகள் (எந்த கைடிடம் போகலாம், எந்தத் தேர்வு எதற்கு, எந்த ஜர்னல் காசு பிடுங்கும்) மாவட்டக் கல்லூரியிலிருந்து வருபவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் போன பிறகே தெரியவருகின்றன. அதிலும் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கேட்க ஆளே கிடையாது.

தேர்வுகளைப் பற்றி நிறையப் பயிற்சி மையங்கள் பேசுகின்றன என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவர், உதவித்தொகையோடு எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவையும் தட்டலாம். ஆனால் நெட் மட்டுமே வாசல் என்று நினைத்து ஜெஸ்ட், கேட், டி.ஐ.எஃப்.ஆர். தேர்வுகளுக்கு விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். மேட்சயின்ஸ் உள்ளிட்ட பல ஆய்வு நிறுவனங்கள் ஜெஸ்ட் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் நேர்முகத்துக்கு அழைக்கின்றன. பி.எஸ்சி. படிக்கும்போதே இந்த எண்ணம் வந்துவிட்டவர்கள், ஜாம் தேர்வு எழுதி பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு முயலலாம்.

நேர்முகத்தில் என்ன நடக்கும்? உங்களுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று முதலில் கேட்பார்கள். நீங்கள் சொன்ன பாடத்திலேயே அடியாழம் வரைக்கும் தோண்டுவார்கள். குவாண்டம் இயக்கவியல் என்றால் சீரிசை அலையியற்றியையே அரைமணி நேரம் புரட்டிப் புரட்டிக் கேட்கக்கூடும். பெரிய பெரிய சொற்களை உதிர்ப்பதைவிட, தெரிந்த ஒன்றிரண்டு பாடங்களை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்லும்படி வைத்திருப்பது மேல். விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு எப்படி யோசிப்பீர்கள் என்பதைப் பலகையில் காட்டுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று கூசவே வேண்டாம். சாக்பீஸை எடுத்துப் படம் வரையுங்கள். நல்ல குழு உங்கள் படத்தைத்தான் பார்க்கும், இலக்கணத்தைப் பார்க்காது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்த நிறுவனம், எந்தத் துறை என்பதை எல்லாம்விட, யாரிடம் ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்பதுதான் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. வீடு வாடகைக்குப் பார்க்கும்போது தண்ணீர் வருமா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்று நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், கைடு விஷயத்தில் மட்டும் இணையப் பக்கத்தில் இருக்கும் ஆய்வுத்தாள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுகிறோம். விசாரிக்க வழிகள் இருக்கின்றன. ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடினால், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். ஒவ்வொன்றிலும் நன்றியுரையைப் படியுங்கள். சடங்குக்கு நாலு வரி எழுதியிருக்கிறார்களா, உட்கார்ந்து கணக்குப் போட்ட நாட்களை நினைத்து எழுதியிருக்கிறார்களா என்பது படித்தாலே தெரிந்துவிடும். அந்த மாணவர் முதல் ஆசிரியராக எத்தனை ஆய்வுத்தாள்கள் வெளியிட்டார் என்பதையும் ஆய்வேட்டிலேயே பார்க்கலாம். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள்.

அடுத்தது, அந்தக் குழுவில் மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஸ்காலரைப் பாருங்கள். முதலாண்டு மாணவருக்கு இன்னும் ஒன்றும் தெரிந்திருக்காது, முடிக்கப்போகிறவர் எதையும் சொல்லத் தயங்குவார். மூன்றாம் ஆண்டுக்காரரைத் தனியாக டீ குடிக்க அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்: கைடு வாரத்துக்கு ஒருமுறையாவது பேசுவாரா? எழுதிக்கொடுத்ததைப் படித்துத் திருப்பித்தர எவ்வளவு நாளாகும்? கடைசியாக முடித்தவர் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டார்? வேறு ஊரில் நடக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் மாநாடுகளுக்கும் அனுப்புவாரா? சொந்த வேலைகளைச் செய்யச் சொல்வாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தாலே உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது. ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் உடற்குறைபாடு உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. பெண்கள் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு எடுக்கலாம். திருமணமாகி வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், விதிகளுக்கு உட்பட்டு ஆய்வைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் இடமிருக்கிறது. கல்யாணம் ஆனதும் ஆய்வை விட்டுவிட்ட பெண்கள் எத்தனையோ பேருக்கு இந்த விதி இருப்பதையே யாரும் சொன்னதில்லை. இதை எழுதும்போதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பணம். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டுவாடகைப் படி தனி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொகை மாதம் பிறந்ததும் வந்துவிடும் என்று நம்பி வீட்டுக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பல மாதம் சேர்த்து அரியராக வருவது பல்கலைக்கழகங்களில் சகஜம். முதல் தவணை வந்ததும் மூன்று மாதச் செலவை எடுத்து ஒதுக்கிவையுங்கள். திட்ட நிதியிலிருந்து சம்பளம் என்றால், அந்தத் திட்டம் எந்த மாதம் முடிகிறது, அதற்குப் பிறகு என்ன ஏற்பாடு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகையே இல்லாமல் முழுநேர ஆய்வில் சேர்வதை, வீட்டில் வேறு வருமானம் இல்லாதவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓராண்டு தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இன்னொரு முறை தேர்வு எழுதுங்கள்.

படிப்பதற்கு எது நல்லது என்று கேட்டால் முதலில் சென்னை ஐ.ஐ.டி.யின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய என்.பி.டெல். வகுப்புகளைச் சொல்வேன். ஒரு கேள்வியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அந்தக் காணொளிகளில் கற்றுக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜின் டேவிட் டாங் தன் வகுப்புக் குறிப்புகள் முழுவதையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார். ஃபைன்மனின் விரிவுரைகளையும் இணையத்திலேயே படிக்கலாம். கோட்பாட்டு இயற்பியலாளராக என்னென்ன படிக்கவேண்டும் என்று நோபல் பரிசு பெற்ற ஜெரார்டு ட் ஹூஃப்ட் ஒரு நீண்ட பட்டியலே தொகுத்திருக்கிறார். பெங்களூரு ஐ.சி.டி.எஸ்., இத்தாலியின் ட்ரியஸ்ட் நகரில் அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய ஐ.சி.டி.பி. இரண்டும் தங்கள் விரிவுரைகளைப் பதிவுசெய்து வெளியிடுகின்றன.

இத்தனை கொட்டிக்கிடக்கும்போது பார்த்துக்கொண்டே இருப்பதில் ஒரு சுகம் வந்துவிடும். அங்கேதான் ஆபத்து. கணக்குப் போடாமல் பார்த்த வகுப்பு ஒரு மாதம்கூட நிற்காது. ஜாக்சனின் மின்காந்தவியலோ, சகுராயின் குவாண்டமோ, பத்ரியாவின் புள்ளியியல் இயக்கவியலோ, ஏதாவது ஒன்றை எடுத்து இருவர் மூவராகச் சேர்ந்து அத்தியாயத்தின் முடிவில் உள்ள கணக்குகளைப் போடுங்கள். வாரம் ஒருவர் பலகையில் விளக்கட்டும், மற்றவர்கள் தடுத்துக் கேட்கட்டும். லஸ்ஸில் நடந்ததும் இதுதான். துறையில் ஆள் இல்லையென்றால், முன்பு கூடப் படித்து இப்போது வேறு ஊரில் இருக்கும் நண்பரோடு இணையவழியில் செய்யுங்கள்.

பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ தளத்தை நாள்தோறும் காலையில் பார்க்கும் பழக்கம் முதலாண்டிலேயே வரவேண்டும். உங்கள் துறையில் வந்த தலைப்புகளைப் பாருங்கள், இரண்டு மூன்று சுருக்கங்களைப் படியுங்கள், படங்களைப் புரட்டுங்கள். பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்து, அதிலுள்ள ஒரு சமன்பாட்டையாவது உங்கள் கையால் வருவித்துப் பாருங்கள். சந்தா கட்டிப் படிக்கும் ஜர்னல்களுக்கு ஒன்றிய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். உங்கள் நூலகர் அதற்குப் பதிவு செய்திருக்கிறாரா என்று போய்க் கேளுங்கள். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அங்கே வந்த பேப்பர், பின்னால் உங்களை வேலைக்கு எடுப்பவரின் கண்ணில் மதிப்பைக் குறைக்கத்தான் செய்யும்.

சோதனை இயற்பியலுக்குப் போகிறவர்களின் கவலை வேறு. துறையில் கருவி இல்லை, இருக்கும் கருவியும் பழுது என்பார்கள். டெல்லி ஐ.யூ.ஏ.சி.யில் முடுக்கி இருக்கிறது. இந்தூரில் 2.5 கிகா எலெக்ட்ரான் வோல்ட் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் இருக்கிறது. கல்பாக்கத்தில் யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பின் கிளை இருக்கிறது. வானியல் என்றால் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி. இவையெல்லாம் நாட்டின் ஆய்வாளர்களுக்குப் பொது. இரண்டு மூன்று பக்கத்துக்கு முன்மொழிவு எழுதி அனுப்பி நேரம் கேட்கவேண்டும். முதல்முறை மறுத்தாலும், ஏன் மறுத்தார்கள் என்று பார்த்துத் திருத்தி மறுபடி அனுப்பவேண்டும்.

சந்திரசேகர் கதையை ஆய்வு மாணவர்களுக்கு ஆறுதலாகச் சொல்வது வழக்கம். 1935 ஜனவரியில் லண்டனில் மூத்த வானியலாளர் எடிங்டன், வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற அவருடைய முடிவை எல்லார் முன்னிலையிலும் கிண்டலடித்து நிராகரித்தார், 1983இல் நோபல் பரிசு வந்தது, ஆகவே பொறுமையாக இரு என்பார்கள். கதையின் நடுப்பகுதியை யாரும் சொல்வதில்லை. அன்று 24 வயதான சந்திரசேகர், கோபன்ஹேகனில் இருந்த தன் நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு உடனே கடிதம் எழுதினார். ரோசன்ஃபெல்டு அதை நீல்ஸ் போரிடம் காட்டினார், பிறகு இயற்பியலாளர் பௌலியிடமும் விஷயம் போனது. கணக்கு சரிதான், எடிங்டன் சொல்வதுதான் தவறு என்று அவர்கள் தனிப்பட்ட முறையில் உறுதி சொன்னார்கள். அவர்கள் வெளியே வாய் திறக்கவில்லை என்பது வேறு வருத்தம். ஆனாலும் தன் கணக்கைச் சரிபார்த்துச் சொல்ல அவருக்கு ஆள் இருந்தது. 1939இல் விண்மீன் அமைப்பைப் பற்றி முழுப் புத்தகமாக எழுதிவைத்துவிட்டு வேறு ஆய்வுக்கு நகர்ந்தார்.

ஆய்வின் மூன்றாம் நான்காம் ஆண்டில் எதுவுமே நகராத மாதங்கள் எல்லாருக்கும் வரும். கணினி நிரல் ஓடாது, மாதிரி உடையும், ரெஃபரி குறை சொல்வார், ஊரில் உறவுக்காரர்கள் எப்போதுதான் முடியும் என்று கேட்பார்கள். அப்போது அறையைப் பூட்டிக்கொள்ளாதீர்கள். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநலச் சேவை அது, தமிழிலும் பேசலாம். ஆய்வை இடையில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக முடிவெடுத்தாலும் அதில் அவமானம் ஏதுமில்லை. நிரல் எழுதவும், தரவைப் பகுத்துப் பார்க்கவும் அதற்குள் பழகியிருப்பீர்கள். அந்தத் திறமைக்குச் சம்பளம் தரும் இடங்கள் இருக்கின்றன.

பேச ஆள் தேடுவது எப்படி என்று கேட்பீர்கள். பிடித்த ஆய்வுத்தாளை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் தரமணியிலும் இருக்கலாம், ட்ரியஸ்டிலும் இருக்கலாம். பத்து வரிக்கு மேல் வேண்டாம். வணக்கத்துக்குரிய பேராசிரியரே என்று தொடங்கும் புகழுரை வேண்டாம், சுயவிவரத்தை முதல் கடிதத்திலேயே இணைக்கவும் வேண்டாம். உங்கள் ஆய்வுத்தாளில் ஐந்தாவது சமன்பாட்டிலிருந்து ஆறாவதுக்கு நான் இப்படிப் போனேன், இந்த இடத்தில் குறி மாறிவருகிறது, எங்கே பிசகினேன் என்று கேளுங்கள். கணக்கைப் படமெடுத்து இணையுங்கள். பலர் பதில் போடுவார்கள், ஏனென்றால் தங்கள் வேலையை ஒருவர் வரிவரியாகப் படிப்பது அவர்களுக்கும் அடிக்கடி நடப்பதில்லை. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுங்கள். அப்போதும் வராவிட்டால், அதே ஆய்வுத்தாளின் இன்னொரு ஆசிரியருக்கு எழுதுங்கள். அந்தக் கணக்கைப் போட்ட மாணவர் அவராகவும் இருக்கலாம்.