வெளியாள் வருகிறார்!

டெங்கில்காரர்களுக்கு மாஸ் விமான நிறுவனத்தின் கதை வெளியூர்ச் செய்தி அல்ல. சிப்பாங் விமான நிலையம் பக்கத்தில்தான். அதனால் ‘கம்பெனியைச் சீரமைக்க வெளியிலிருந்து ஆலோசகர் வருகிறார்’ என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

2005 இறுதியில் ஷெல் எண்ணெய் நிறுவனத்திலிருந்து இட்ரிஸ் ஜாலா தலைமைப் பொறுப்புக்கு வந்தார். விமானத் தொழில் அவருக்குப் புதிது. பல பிரிவு ஊழியர்களை வாரக்கணக்கில் ஒன்றாக உட்காரவைத்து, பணம் எங்கே ஒழுகுகிறது என்று அவர்களையே தேட வைத்தார். அதற்கு ‘லேப்’ என்று பெயர். ஆட்குறைப்பும் நடந்தது. ஆனாலும் 2007இல் லாபம் 80 கோடி வெள்ளியைத் தாண்டியது. அது நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

2014இல் எம்.எச். 370, எம்.எச். 17 என இரண்டு பேரிடிகள். கசானா 600 கோடி வெள்ளி மீட்புத் திட்டத்தை அறிவித்தது. 20,000 பேரில் 6,000 பேருக்கு வேலை போகும் என்றது. அதை நிறைவேற்ற 2015 மே மாதம் ஜெர்மானியரான கிறிஸ்டோஃப் முல்லர் வந்தார். அயர்லாந்தின் ஏர் லிங்கஸை நிமிர்த்தியவர். திறமைசாலி, சந்தேகமில்லை. செப்டம்பரில் புதிய நிறுவனம் பிறந்தது. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர், 2016இலேயே விடைபெற்றார். அடுத்து வந்த பீட்டர் பெல்லியூவும் 2017இல் ரயன்ஏருக்குப் போனார்.

வேலை இழந்த குடும்பங்களுக்கு அப்படி இன்னொரு நிறுவனம் காத்திருக்கவில்லை. ஆலோசகரை அமர்த்தும் முதலாளிகளிடம் நான் கேட்பது இதுதான்: மூன்றாம் ஆண்டில் அந்தத் திட்டத்துக்குப் பதில் சொல்ல, உங்கள் ஊழியர்களில் யார் இருப்பார்? அவரை முதல் கூட்டத்துக்கே அழைத்தீர்களா?