பாடம் நாய்க்கா, எஜமானுக்கா?

வியாபாரப் பக்கத்தில் நாய்க்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகளைப் பற்றி அல்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயத்திலேயே வருகிறது. ஆகவே தயங்காமல் விடயத்துக்கு வருகிறேன்.

கொழும்புத்துறையில் எனக்குத் தெரிந்த சீமெந்து வியாபாரி ஒருவருக்குக் கடையும் வீடும் ஒரே வளவுக்குள். களவுக்குப் பயந்து அல்சேஷன் குட்டியொன்றை வாங்கி வளர்த்தார். கள்ளன் வரவில்லை, வாடிக்கையாளரும் வரவில்லை! கேற்றடியில் அது போடும் சத்தத்துக்குப் பயந்து பாசையூர்ப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். "நானா, இதைப் பழக்கித் தர ஆரும் இருக்கினமோ?" என்று என்னிடம் கேட்டார்.

இந்தக் கேள்வியை வைத்தே வெளிநாடுகளில் ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. 1980இல் பிபிசி தொலைக்காட்சியில் பார்பரா வூட்ஹவுஸ் என்ற மூதாட்டி நாய்களோடு அவற்றின் சொந்தக்காரர்களையும் வரிசையில் நிறுத்திப் பழக்கினார். 1989இல் அவுஸ்திரேலியாவில் டேனி வில்சன், சில்வியா வில்சன் தம்பதியினர் 'பார்க் பஸ்டர்ஸ்' என்ற பெயரில் வீடு தேடிச் சென்று பழக்கும் சேவையைத் தொடங்கினர். அது 2000இல் பிரான்சைஸ் முறையில் அமெரிக்காவுக்கும் போனது.

ஏன் வீட்டுக்கே போக வேண்டும்? மைதானத்தில் சொற்கேட்கும் நாய் சொந்தக் கேற்றடியில் கேட்காது. பழக்கம் உருவான இடத்திலேயே அதை மாற்ற வேண்டும். தபாற்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டில் போகிறார். நாயோ தான் குரைத்துத்தான் அவரை விரட்டியதாக எண்ணிக்கொள்கிறது. உள்ளேயிருந்து முதலாளி அதட்டினால் அவரும் சேர்ந்து குரைப்பதாக நினைத்து இன்னும் உற்சாகமடைகிறது. சத்தத்தை அடக்க மகன் பிஸ்கட் போட்டால் அது குரைத்ததற்குக் கொடுத்த கூலி.

ஆகவே பயிற்சியாளர் வீட்டாரைத்தான் திருத்துகிறார். ஆள் தூரத்தில் வரும்போதே, நாய் வாய் திறக்குமுன், அந்தக் கணத்திலேயே இறைச்சித்துண்டு கொடுக்க வேண்டும். அந்தத் தூரத்தை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வர வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சொல்லையே பாவிக்க வேண்டும். அடித்துப் பழக்குவது பழைய முறை. வெகுமதி முறையையே கையாள வேண்டுமென்று விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் தெளிவாக அறிவித்தது.

முதலீடு என்று பார்த்தால் கடை வாடகையில்லை, சரக்கு தேங்காது. ஒரு மோட்டார் சைக்கிள், தொலைபேசி, கைவந்த தொழில் அறிவு ஆகியன போதும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. விற்ற சரக்கை வாங்கியவரே தினமும் பத்து நிமிடம் செய்து பார்க்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் கெடுவது பயிற்சியாளரின் பெயர். எனவே ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியே காசு வாங்காமல் மூன்று, நான்கு வருகைகளுக்குச் சேர்த்து வாங்குவதே புத்தி என்பது என் கணிப்பு. இரண்டாம் முறை போகும்போது வீட்டுப்பாடம் நடந்ததா என்பது நாயின் முகத்திலேயே தெரிந்துவிடும்!

இன்னொன்று, தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எந்தக் கேற்றுக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாது. விசர்நாய்க்கடியின் அறிகுறி தோன்றிய பின் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கடிக்கத் தொடங்கிவிட்ட பெரிய நாயைத் திருத்த நாளெடுக்கும், ஆபத்தும் உண்டு. மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டி புதிய மனிதரையும் சத்தத்தையும் இலகுவில் ஏற்றுக்கொள்ளும். குட்டி விற்பவர்களோடு பேசி, விலையோடு ஒரு வீட்டுப் பாடத்தையும் சேர்த்துக் கொடுக்க ஒழுங்கு செய்தால் வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை.