இரும்பு மீகடத்தி எவ்வளவு மின்சாரம் தாங்கும்?

செஞ்சிப் பக்கத்திலிருந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்காக விழுப்புரமோ புதுச்சேரியோ போகிறவர்கள் படுக்கும் அந்தக் குழாயைச் சுற்றிப் பெரும்பாலும் நியோபியம்–டைட்டானியம் கம்பிச் சுருள்தான் இருக்கும். திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதில் மின்தடையே இருக்காது. அப்படிப்பட்ட பொருளே மீகடத்தி. ஹீலியமோ விலை உயர்ந்தது. அதனால் அவ்வளவு குளிர் தேவைப்படாத மீகடத்திகளைத் தேடுகிறார்கள்.

2008இல் ஜப்பானின் ஹிடியோ ஹோசோனோ குழு, இரும்பும் ஆர்செனிக்கும் கலந்த சேர்மம் ஒன்று 26 கெல்வினிலேயே, அதாவது மைனஸ் 247 டிகிரியிலேயே, மீகடத்தியாவதைக் காட்டியது. சில மாதங்களில் அந்த எல்லை 55 கெல்வினைத் தொட்டது. காந்தத் தன்மை கொண்ட இரும்பு இதற்கு ஆகாது என்றிருந்த நம்பிக்கை அத்தோடு உடைந்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினரும் பேரியம்–இரும்பு–ஆர்செனிக் சேர்மத்தில் ருத்தேனியம் கலந்து மீகடத்தியாக்கி, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஆனால் கம்பி செய்ய, உயர்ந்த வெப்பநிலையில் மீகடத்தியாவது மட்டும் போதாது. வலுவான காந்தப்புலத்தில் வைத்தால், புலம் மெல்லிய கோடுகளாக மீகடத்திக்குள் புகுந்துவிடும். 1957இல் இதைக் கணித்த இயற்பியலாளர் அப்ரிக்கோசொவுக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. கம்பியில் ஓடும் மின்சாரம் இந்தக் கோடுகளைப் பக்கவாட்டில் தள்ளும். அவை நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும், கம்பி சூடாகும், மின்தடை திரும்பிவிடும்.

ஆகவே கோடுகளைக் கட்டிப்போட வேண்டும். செஞ்சி ஆட்டுச் சந்தையில் முளையடித்து ஆடுகளைக் கட்டுவதுபோலத்தான். இங்கே முளையாக நிற்பவை படிகத்தின் குறைகள்: அணு இல்லாத இடம், கலந்துவிட்ட வேற்றுத் துகள். குறையே இல்லாத தூய படிகம் இந்த வேலைக்கு உதவாது. அதனால்தான் ஆய்வகங்களில் புரோட்டான்களைப் பாய்ச்சி வேண்டுமென்றே குறைகளை உண்டாக்குகிறார்கள். பிடி தளரும் மின்னோட்டமே அந்தக் கம்பியின் உச்ச வரம்பு. வரம்புக்குக் கீழும் வெப்ப அதிர்வால் சில கோடுகள் மெல்ல நழுவும். மீகடத்திக் காந்தம் நாளடைவில் வலுவிழக்க இந்த ஊர்தலும் ஒரு காரணம்.

இரும்பு வகையின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. அதில் பல, 50 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தையும் தாங்கும். பக்கத்துப் பக்கத்துப் படிகத் துணுக்குகள் சுமார் 9 டிகிரி வரை கோணம் மாறி நின்றாலும் மின்னோட்டம் அதிகம் குறையாது. தாமிர ஆக்சைடு மீகடத்திகளுக்கு அந்தச் சலுகை 3 முதல் 5 டிகிரிதான். அதனால் பொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து இழுத்தே கம்பி செய்யலாம். சீனாவில் 2016இல் 100 மீட்டர் நீளத்துக்குச் செய்துவிட்டார்கள்.

இனி புதிய மீகடத்தி என்று செய்தி வந்தால், எத்தனை கெல்வின் என்பதோடு நின்றுவிடாதீர்கள். 10 டெஸ்லா புலத்தில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்றும் கேளுங்கள்.