100 கோடி டாலர் சோலார் பிளான்ட், ஒரே ஒரு டேங்க்: நம்ம சம்பளத்துக்கு இதுல என்ன பாடம்?

சோலார்னு சொன்னாலே நமக்கு மொட்டை மாடி பேனல்தான் ஞாபகம் வரும். இன்னைக்குப் பார்க்கப்போறது பேனலே இல்லாத ஒரு சோலார் பிளான்ட். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், டோனோபா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிரசென்ட் டியூன்ஸ்.

இது எப்படி வேலை செய்யுது?

நடுவில் சுமார் 195 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம். சுற்றிலும் 10,347 பெரிய கண்ணாடிகள். சூரியன் நகர நகர கண்ணாடிகளும் திரும்பி, வெயிலை கோபுரத்தின் உச்சியில் குவிக்கும். அங்கே ஓடுவது தண்ணீர் இல்லை, உருகிய உப்பு. 288 டிகிரியில் மேலே போற உப்பு 565 டிகிரியில் இறங்கி, ஒரு பெரிய சூடான டேங்கில் சேரும். தேவைப்படும்போது அந்தச் சூட்டை வைத்து நீராவி உண்டாக்கி டர்பைனைச் சுற்றலாம். 110 மெகாவாட் திறன். வெயில் போன பிறகும் 10 மணி நேரம் ஓட்டுற அளவுக்கு சேமிப்பு. ஐடியா சூப்பர்தானே?

பணக் கணக்கு

செலவு கிட்டத்தட்ட 100 கோடி டாலர். அதில் 73.7 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை கேரன்டி கொடுத்தது. என்வி எனர்ஜி என்ற மின் நிறுவனம் யூனிட் 13.5 சென்ட்டுக்கு 25 வருஷம் வாங்கிக்கறதா ஒப்பந்தம் போட்டது. 2015 கடைசியில் மின்சாரம் வர ஆரம்பித்தது.

2016 அக்டோபரில் அந்தச் சூடான டேங்கில் லீக். கோபுரம், கண்ணாடி, வெயில் எல்லாம் இருந்தும் சுமார் எட்டு மாசம் உற்பத்தி இல்லை. பேனல் பிளான்ட்ல நாலு பேனல் போனா மத்தது ஓடும். இங்கே ஒரு டேங்க் போனா எல்லாமே போச்சு.

இதுக்குள்ள மார்க்கெட்டும் மாறிடுச்சு. 2018ல் அதே நெவாடாவில் பேனல் மின்சாரத்துக்கு 3 சென்ட்டுக்கும் கீழே ஒப்பந்தம் போட்டாங்க. சொன்ன அளவு மின்சாரம் வரலைன்னு 2019 அக்டோபரில் என்வி எனர்ஜி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 2020ல் திவால் மனு. பாக்கி சுமார் 42.5 கோடி டாலர். செட்டில்மென்ட்ல அரசுக்குக் கிடைத்தது சுமார் 20 கோடி. மீதி? கேரன்டி போட்டவர் தலையில்.

சரி, இது நமக்கு எதுக்கு?

1. உங்க டேங்க் எது? பெரும்பாலானவங்களுக்கு ஒரே சம்பளம். வீட்டுச் செலவு 25,000 ரூபாய், இஎம்ஐ 20,000, இன்சூரன்ஸ் 2,000னு வச்சுக்குவோம். எமர்ஜென்சி ஃபண்ட் போடும்போது நிறைய பேர் வீட்டுச் செலவை மட்டும் ஆறால் பெருக்கி 1,50,000 ரூபாய் வச்சிருப்பாங்க. ஆனா வேலை போனாலும் இஎம்ஐ நிக்காதே! மாசம் 47,000 போனா அந்தப் பணம் மூணு மாசத்தைத் தாண்டினதும் காலி. ஆறு மாசத்துக்கு 2,82,000 வேணும். வீட்டில் ஒரே சம்பளம்னா எட்டு மாசத்துக்கு, அதாவது 3,76,000க்குத் திட்டமிடுங்க. இதை ஷேர்ல போடாதீங்க. எஃப்டி, லிக்விட் ஃபண்ட் போதும்.

2. இன்னைய விலை நாளைக்கும் இருக்காது. இன்னைக்கு நல்ல சம்பளம் தர்ற ஸ்கில்லுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு மதிப்பு குறையலாம். 20 வருஷ ஹோம் லோனை இன்னைய சம்பளத்தின் உச்சத்தை வச்சு எடுக்காதீங்க.

3. கேரன்டி கையெழுத்து "சும்மா ஃபார்மாலிட்டி" இல்லை. ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதலைன்னா, கடன் வாங்கினவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. நம்ம இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128 சொல்றது இதைத்தான். அமெரிக்க அரசால் நஷ்டத்தைத் தாங்க முடியும். உங்களால முடியுமா? நண்பன் கேட்டா, அந்த இஎம்ஐயை நீங்களே கட்ட வேண்டி வந்தா சமாளிக்க முடியுமான்னு முதல்ல கணக்கு போடுங்க. முடியாதுன்னா, அன்பா "முடியாதுடா"ன்னு சொல்லிடுங்க.

இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்கி, சம்பளம் நின்னாலும் நிக்காத செலவுகளை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டிப் பாருங்க. அந்தத் தொகையோட எத்தனை மடங்கு உங்க கையில் இருக்கோ, அத்தனை மாசம்தான் டேங்க் லீக்கானா நீங்க தாங்குவீங்க.