பழைய ரொட்டி ஏன் விறைக்கிறது? பிரெஞ்சு டோஸ்ட் சொல்லும் வேதியியல்

உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வார இறுதியில் வாங்கிய ரொட்டிப் பொட்டலத்தின் அடியில் நான்கைந்து துண்டுகள் கிடக்கக்கூடும். தொட்டால் அட்டைபோல் இருக்கும். பூஞ்சை இல்லை, கெட்ட வாடை இல்லை, ஆனாலும் யாரும் அதைத் தொடமாட்டார்கள். இரண்டு நாள் கழித்து அது குப்பைக் குழாய்க்குள் போகும்.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 7 லட்சம் டன்னுக்கும் அதிகமான உணவு கழிவானது. அதில் ஐந்தில் ஒரு பங்குகூட மறுபயனீட்டுக்குச் செல்லவில்லை. மீதி எரியாலைக்குப் போகிறது, அதன் சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. அந்தத் தீவிலுள்ள இடம் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்பது தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கப்பலிலும் லாரியிலும் விமானத்திலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கோ விளைந்த கோதுமை கடல் தாண்டி இங்கே வந்து, மாவாகி, ரொட்டியாகி, கடைசியில் சாம்பலாகிறது.

அந்த நான்கைந்து துண்டுகளைக் காப்பாற்றும் வழியை மனிதர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பிசியுஸ் என்ற பெயரில் வழங்கும் பழைய ரோமானியச் சமையல் நூலில், ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றும் குறிப்பு உள்ளது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘பாங் பெர்தூ’, அதாவது ‘இழந்த ரொட்டி’. ஜெர்மானியர்கள் ‘ஏழை வீரர்கள்’ என்கிறார்கள். இலங்கையில் கேட்டால் ‘பாம்பே டோஸ்ட்’. ஹாங்காங்கில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி எண்ணெயில் பொரிப்பார்கள். நம் உணவங்காடி நிலையங்களில் கிடைக்கும் ரொட்டி ஜானும் ஒரு வகையில் இதன் உறவுதான். ஆனால் அதில் ரொட்டி முட்டையில் ஊறுவதில்லை. கல்லில் ஊற்றிய முட்டைக் கலவையின்மேல் ரொட்டியைக் கவிழ்த்து அழுத்துகிறார்கள். ஊறுவதற்கும் ஒட்டுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு சிறியதல்ல. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

விறைப்பது காய்வதல்ல

பழைய ரொட்டி ஏன் கெட்டியாகிறது என்று வகுப்பில் கேட்டால், “தண்ணீர் ஆவியாகிவிட்டது” என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். 1852ஆம் ஆண்டில் ஜான் பாப்டிஸ்ட் பூசாங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைச் சோதித்தார். ஈரம் வெளியேற முடியாதபடி ரொட்டியை அடைத்து வைத்தார். அப்போதும் அது விறைத்தது. அதை மறுபடி சூடாக்கியபோது மென்மையானது. தண்ணீர் போய்விட்டதால்தான் விறைத்தது என்றால், வெறும் சூட்டில் எப்படி மென்மை திரும்பும்?

விடை மாவுச்சத்தில் இருக்கிறது. பச்சை மாவில் மாவுச்சத்து மூலக்கூறுகள் சிறு மணிகளுக்குள் ஒழுங்காக, நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ரொட்டி வேகும்போது அந்த மணிகள் தண்ணீரை உறிஞ்சி வீங்க, அடுக்கு குலைகிறது. புது ரொட்டியின் மென்மைக்கு இந்தக் குலைவுதான் காரணம். ஆறிய பிறகு மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மீண்டும் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து படிகம்போல் அடுக்கிக்கொள்கின்றன. இதை மாவுச்சத்தின் மீள்படிகமாதல் எனலாம். தண்ணீர் ரொட்டிக்குள்ளேயே இருந்தாலும், இந்தப் படிகங்கள் ரொட்டியை விறைப்பாக்கிவிடுகின்றன. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் படிகங்கள் உருகி, மென்மை திரும்புகிறது.

இது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. குளிர்பதனப் பெட்டியில் இரவு வைத்த சோறு காலையில் பருக்கை பருக்கையாக விறைத்து நிற்பதும், அந்த இட்லி கல்லாவதும், ஆவியில் வைத்ததும் இரண்டும் பழையபடி ஆவதும் இதே வேதியியல்தான். நாசி கோரெங் செய்பவர்கள் நேற்றைய சோற்றைத் தேடுவதற்கும் இதுவே காரணம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் இந்த அடுக்கல் மிக வேகமாக நடக்கிறது. 7 டிகிரியில் ஒரு நாள் வைத்த ரொட்டி, 30 டிகிரியில் 6 நாள் வைத்த ரொட்டி அளவுக்கு விறைக்கிறது. 30 டிகிரி என்பது நம் சமையலறையின் சாதாரண வெப்பநிலை. ஆக, ‘புதிதாக’ வைத்திருக்க நினைத்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் ரொட்டிதான் முதலில் ‘பழசாகிறது’. உறைபெட்டியில் வைத்தால் நிலைமை வேறு. அங்கே தண்ணீர் உறைந்துவிடுவதால் மூலக்கூறுகளால் அசைய முடிவதில்லை. விறைப்பது ஏறக்குறைய நின்றுபோகிறது.

பாசிர் ரிஸ் காற்றும் பாரிஸ் குறிப்பும்

ஐரோப்பியச் சமையல் குறிப்புகள் பலவற்றில் ஒரு வரி வரும்: ரொட்டித் துண்டுகளை இரவு முழுவதும் மேசைமேல் திறந்து வையுங்கள், காலையில் சரியாக உலர்ந்திருக்கும். பாசிர் ரிஸ் வீவக வீடு ஒன்றில் இதைச் செய்து பார்த்தால் குறிப்பு எழுதியவர்மீது உங்களுக்குக் கோபம் வரும். சிங்கப்பூரில் விடியற்காலைக்கு முன் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழை இல்லாத பிற்பகலில்கூட 60 விழுக்காட்டளவில்தான் இறங்கும். இவ்வளவு ஈரமான காற்று ரொட்டியிலிருந்து தண்ணீரை எளிதில் வாங்கிக்கொள்ளாது. ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும், ரொட்டி உலராது. இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் பூஞ்சை வந்து சேரும்.

பூஞ்சை பிடித்த ரொட்டியைப் பிரெஞ்சு டோஸ்ட்டுக்கு எடுக்கவே கூடாது. பச்சையாகத் தெரியும் புள்ளியைக் கிள்ளி எறிந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழைகள் ரொட்டியின் துளைகள் வழியே உள்ளே பரவியிருக்கும். பூஞ்சை உண்டாக்கும் நச்சுகள் சில சமையல் சூட்டையும் தாங்கும். விறைத்த ரொட்டி வேறு, கெட்ட ரொட்டி வேறு. முதலாவதைக் காப்பாற்றலாம், இரண்டாவதை எறிந்துவிட வேண்டும்.

சரி, விறைத்த ரொட்டிதான் வேண்டும் என்று ஏன் இவ்வளவு பேசுகிறோம்? புது ரொட்டியின் சுவர்கள் மிருதுவானவை. முட்டையும் பாலும் கலந்த கலவையில் போட்டால் அவை குழைந்து, கரண்டியால் எடுக்கும்போதே பிய்ந்துவிடும். விறைத்த ரொட்டியில் மாவுச்சத்துப் படிகங்கள் சாரம் கட்டியதுபோல் சுவர்களைத் தாங்கி நிற்கின்றன. காற்றறைகள் நொறுங்காமல், அவற்றுக்குள் கலவை புகுந்துகொள்கிறது. உங்களிடம் புது ரொட்டி மட்டுமே இருந்தால், அவனிலோ ஏர் ஃபிரையரிலோ 120 டிகிரியில் 8 நிமிடம்போல் வைத்து, நிறம் மாறும் முன் எடுங்கள். இங்கே நடப்பது மீள்படிகமாதல் அல்ல, உண்மையாகவே உலர்த்துவது. வழி வேறானாலும் சுவர் உறுதிப்படுகிறது.

ஒரு துண்டில் இரண்டு வெப்பநிலைகள்

நல்ல பிரெஞ்சு டோஸ்ட்டின் உட்புறம் கஸ்டர்டுபோல் இளகி இருக்கும், வெளிப்புறம் பழுப்பாக மொறுமொறுக்கும். இரண்டுக்கும் வேண்டிய வெப்பநிலைகள் வெவ்வேறு. அடுப்படியில் உங்கள் வேலையெல்லாம் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் எட்டுவதுதான்.

முதலில் உட்புறம். முட்டையில் உள்ள புரதங்கள் நூலுருண்டைகள்போல் சுருண்டிருக்கின்றன. சூடு ஏறும்போது அவை அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி, வலையாகி, தண்ணீரைத் தமக்குள் பிடித்துக்கொள்கின்றன. வெறும் முட்டையின் வெண்கரு 60 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்தால் புரதங்கள் ஒன்றையொன்று சந்திப்பது கடினமாகி, இறுகுவதற்கு ஏறத்தாழ 80 டிகிரி தேவைப்படும். அதற்கு மேல் வெகுநேரம் போனால் வலை இறுக்கமாகச் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். டோஸ்ட்டை வெட்டும்போது தட்டில் தண்ணீர் கசிந்தால் நடந்தது அதுதான். ரொட்டி ஜானில் முட்டை ரொட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருப்பதால் இந்தக் கவலை இல்லை. அது ஆம்லெட்போல் சீக்கிரம் வெந்துவிடுகிறது. ஊறிய ரொட்டியில் சூடு நடுப்பகுதிவரை நடந்து போக வேண்டும்.

அடுத்து வெளிப்புறம். பழுப்பு நிறத்துக்கும் அந்த மணத்துக்கும் காரணம் மையார் வினை. லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1912ல் விளக்கியதால் அந்தப் பெயர். புரதங்களின் அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களை உண்டாக்குகின்றன. சமையலில் இது விறுவிறுப்பாக நடப்பது 140 டிகிரியை ஒட்டி. நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை இந்த வினையில் நேரடியாகக் கலந்துகொள்வதில்லை. அது சுக்ரோஸ், உடைந்தால்தான் சேரும். பாலில் உள்ள லாக்டோஸ் உடையாமலேயே சேரும். பாலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றிச் செய்தால் டோஸ்ட் வெளிறிப் போவதற்கு இது ஒரு காரணம். வெள்ளைச் சர்க்கரையின் வேலை 160 டிகிரிக்கு மேல், தானே கருகி கேரமலாவது.

தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது என்பதை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே மேற்பரப்பு முதலில் உலர்ந்தால்தான் பழுப்பாகும். இதை வெண்ணெயே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். வெண்ணெயில் 80 விழுக்காட்டளவு கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால்பொருள். வாணலியில் போட்டதும் நுரைத்துச் சடசடப்பது அந்தத் தண்ணீர் வெளியேறும் சத்தம். நுரை அடங்கும் தருணமே ரொட்டியைப் போடச் சரியான நேரம். அதற்குப் பிறகும் காத்திருந்தால் பால்பொருள் கருகிக் கசக்கும். பாதி வெண்ணெய், பாதி எண்ணெய் எடுத்தால் கருகக்கூடிய பால்பொருள் பாதியாகும். நெய்யில் அது ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது. எனக்குக் கேட்டால் நெய்தான் மேல், மணமும் நம்முடையது.

இனி செய்யலாம். விறைத்த ரொட்டி 4 துண்டு, முட்டை 2, பால் 120 மில்லிலிட்டர், சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, இலவங்கப்பட்டைத் தூளோ ஏலக்காயோ விருப்பம்போல. முட்டையை முதலில் தனியாக நன்றாக அடியுங்கள். வெண்கரு இழை இழையாக நின்றால் அது ரொட்டிக்குள் போகாமல் மேலேயே வெள்ளைத் திட்டாக வெந்துவிடும். பிறகு மற்றவற்றைக் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றி, ஒவ்வொரு துண்டையும் பக்கத்துக்கு 30 வினாடி ஊற விடுங்கள். தடித்த துண்டு என்றால் ஒரு நிமிடம். தூக்கினால் வளைய வேண்டும், சொட்டக் கூடாது. மிதமான தீயைவிடச் சற்றுக் குறைவாக வைத்து, பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம். தீ அதிகமானால் வெளிப்புறம் ஒரே நிமிடத்தில் 140 டிகிரியைத் தொட்டுப் பழுப்பாகும், உள்ளே கலவை பச்சையாகவே இருக்கும்.

அந்தப் பச்சைக் கலவை வெறும் ருசிக் குறை அல்ல. 2021 மார்ச்சில் மலேசியப் பண்ணை ஒன்றிலிருந்து வந்த முட்டைகளில் சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் கிருமி இருப்பது தெரியவந்து, அவற்றைத் திரும்பப் பெறும்படி சிங்கப்பூர் உணவு அமைப்பு உத்தரவிட்டது. இந்தக் கிருமி ஓட்டின்மேல் மட்டுமின்றி முட்டைக்குள்ளேயும் இருக்கக்கூடும். நன்கு வேகவைத்தால் அழிந்துவிடும். உணவின் நடுப்பகுதி 75 டிகிரிக்கு மேல் போக வேண்டும் என்பது அறிவுரை. கஸ்டர்டு இறுகும் 80 டிகிரி அதற்குச் சற்று மேலே இருப்பது நம் நல்ல காலம். நடுவில் அழுத்தினால் திரவம் வராமல் மெத்தைபோல் எழும்பினால் பெரும்பாலும் அந்த நிலையை எட்டிவிட்டது. வீட்டில் உணவு வெப்பமானி இருந்தால் சந்தேகமே வேண்டாம், குத்திப் பாருங்கள். சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் சாப்பிடும் வீடு என்றால் இதில் சலுகை இல்லை. பச்சை முட்டை தொட்ட கையையும் தட்டையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மீந்த கலவையைக் காலைக்கு என்று வெளியே வைக்காதீர்கள்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கும் வழி உண்டு. 1837ல் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காகச் சோளமாவில் கஸ்டர்டு பவுடரை உருவாக்கினார். 120 மில்லிலிட்டர் பாலில் ஒரு மேசைக்கரண்டி கஸ்டர்டு பவுடரைக் கரைத்து அதில் ரொட்டியை நனைத்தால், முட்டைப் புரதம் செய்த வேலையை மாவுச்சத்து செய்யும். சூட்டில் அதன் மணிகள் வீங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கரைசல் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் கலக்க வேண்டும். முட்டையின் செழுமை வராது, ஆனால் மொறுமொறுப்பு கூடுதலாகவே வரும்.

வெப்பமானியோ அடுப்போ இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. ஒரே பொட்டலத்திலிருந்து மூன்று துண்டுகளை எடுத்து, மூன்று ஜிப் பைகளில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஒன்று அலமாரியில், ஒன்று குளிர்பதனப் பெட்டியில், ஒன்று உறைபெட்டியில். 48 மணி நேரம் கழித்து மூன்றையும் மேசைமேல் வைத்து, பையோடு, அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மேசை விளிம்பில் பாதி நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, நுனி எவ்வளவு தொங்குகிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். சமையலறைத் தராசு இருந்தால், பையில் இடும் முன்பும் எடுத்த பின்பும் எடை பாருங்கள். ஈரம் போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மிகக் குறைவாகத் தொங்கும் துண்டைச் சூடான வாணலியில் ஒரு நிமிடம் மூடி வைத்து எடுத்து, மறுபடி அளக்கலாம்.