இடிபாடு அகற்றலும் ஊர் மீட்சியும்

பெருங்காற்றோ பெருவெள்ளமோ ஓர் ஊரை அழித்தபின், பத்திரிகைகள் மாண்டோர் தொகையையும் வீழ்ந்த வீடுகளின் தொகையையும் வெளியிடுகின்றன. சில நாட் சென்றதும் அவை வேறு செய்திகளை நாடிச் சென்றுவிடுகின்றன. அதன்பின், அவ்வூரிற் கிடக்கும் கல்லும் மரமும் தகரமும் யாரால், யாருடைய பணத்தினால், எந்த முறைப்படி அகற்றப்பட்டன என்பதை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. ஆயினும், அழிந்த ஊர் மீண்டும் ஊராதலும் ஆளொழிந்த வெறுநிலமாதலும் பெரும்பாலும் அந்தச் சில மாதங்களிலேயே முடிவாகின்றன. இடிபாடு அகற்றல் என்பது வெறும் துப்புரவு வேலையன்று. அது புனர்வாழ்வின் முதற்படி. இவ்வுண்மையை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசூரி மாநிலத்திலுள்ள ஜொப்பிளின் நகரில் 2011ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், அந்நகரை அழித்த காற்று எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். நம் நாட்டவர் சூறாவளியை அறிவர். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நேரிற் கண்டோர் இன்றும் நம்மிடையே உளர். சூறாவளி கடலின்மீது பிறந்து, பன்னூறு மைல் விரிந்து, பல நாள் நகர்ந்து வருவது. அதன் வரவை முன்கூட்டியே அறிதல் கூடும். அமெரிக்கர் 'தொர்னாடோ' என வழங்கும் சுழல்காற்றோ இடிமுகிலின் அடியிலிருந்து தூண்போல் இறங்குவது. அதன் அகலம் பெரும்பாலும் சில யார் முதல் ஏறத்தாழ ஒரு மைல் வரையிலேதான் இருக்கும். ஆயுளும் பெரும்பாலும் சில நிமிடங்களே. ஆனால் அது செல்லும் ஒடுங்கிய பாதையிற் காற்றின் வேகம் சூறாவளியின் வேகத்தையும் விஞ்சிவிடும். ஆதலின், தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் தரைமட்டமாக, மறுபக்கத்து வீடுகள் ஓடும் பெயராது நிற்றலும் உண்டு.

2011ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்குப் பின்னர் அத்தகைய காற்று ஜொப்பிளினைத் தாக்கிற்று. சுழல்காற்றுக்களின் வலிமையைச் சுழியம் முதல் ஐந்து வரை வகுக்கும் அளவுகோலில் இது ஐந்தாந் தரத்தது; மணிக்கு 200 மைலுக்கு மேற்பட்ட வேகமுடையது. ஏறத்தாழ 50,000 மக்கள் வாழ்ந்த அந்நகரின் நடுவே அது கிழக்கு நோக்கி உழுது சென்றது. 161 பேர் உயிரிழந்தனர்; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன அல்லது அழிந்தன. பெரிய வைத்தியசாலை ஒன்றும், நகரின் பொது உயர்தரப் பாடசாலையும் சிதைந்தன.

எஞ்சிய இடிபாடு ஏறத்தாழ 30 இலட்சம் கனயார் என மதிப்பிடப்பட்டது. இத்தொகையை மனத்திற் கொள்வது எளிதன்று. நீளம் 120 யாரும் அகலம் 80 யாரும் உடைய உதைபந்தாட்ட மைதானம் ஒன்றின்மேல் அதனைக் குவிப்பின், அக்குவியல் 900 அடிக்கு மேல் உயரும் எனக் கணக்கிட்டறியலாம். அக்குவியலுக்குள் உடைந்த செங்கல்லும் முறிந்த மரமும் மாத்திரம் இருக்கவில்லை. ஒரு குடும்பத்தின் திருமணப் படமும், பிள்ளையின் பாடப் புத்தகமும், வீட்டு உறுதிப் பத்திரமும் அங்கேயே கிடந்தன. ஆகவே ஒருவருக்குக் குப்பையாகத் தோன்றுவது மற்றொருவருக்கு வாழ்நாட் சேமிப்பாயிருத்தல் கூடும். காற்றினால் வேற்றூர்களுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட நிழற்படங்களைத் தொண்டர்கள் திரட்டி, சேறு கழுவி, உரியவரைத் தேடி ஒப்படைத்தமை இதனாலேயாகும்.

இனி, இவ்விடிபாட்டை அகற்றும் பொறுப்பு யாருடையது? அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அனர்த்த உதவிச் சட்டம் இதற்கு விடை கூறுகின்றது. சனாதிபதி ஓரிடத்தைப் பேரனர்த்தப் பகுதியெனப் பிரகடனஞ் செய்தபின், இடிபாடு அகற்றல் போன்ற பொதுப் பணிகளின் செலவில் முக்காற்பங்குக்குக் குறையாத தொகையைச் சமஷ்டி அரசாங்கம் ஏற்கும். எஞ்சியதை மாநிலமும் உள்ளூராட்சியும் இறுக்கும். எனினும் பொதுவிதி யாதெனில், வீதியிலும் பொது இடத்திலும் கிடப்பதையே அரசு அகற்றும். தனியார் வளவுக்குள் கிடப்பது அவ்வளவுக்கு உரியவரின் பொறுப்பாகும். வீடும் தொழிலும் ஒருங்கே இழந்த ஒருவர் தம் வளவைத் தாமே வெளியாக்குதல் எங்ஙனம்? ஒருவர் வெளியாக்கினும், அயல்வீட்டு இடிபாடு அழுகிக் கிடந்தால், அங்கு மீண்டும் வீடு கட்ட யார் துணிவர்?

இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே ஜொப்பிளினுக்கென விசேட ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. மிகவும் அழிந்த பகுதியெனக் குறிக்கப்பட்ட எல்லைக்குள், தனியார் குடியிருப்பு வளவுகளில் உள்ள இடிபாட்டையும் அரசு அகற்றும். அதன் செலவில் நூற்றுக்கு 90 பங்கைச் சமஷ்டி அரசாங்கம் ஏற்கும். ஆனால் இச்சலுகை ஆகத்து மாதம் 7ஆம் நாள் வரையே செல்லும். அஃதாவது காற்று அடித்த நாளிலிருந்து 77 நாள். பொறுப்பு இராணுவப் பொறியியற் படையிடம் ஒப்படைக்கப்பட, அதன் கீழ் ஒப்பந்தகாரரின் லொறிகள் நாள்தோறும் ஓடின. தவணை குறித்தமையால் வேலை விரைந்தது. உரியோரும் முடிவெடுக்கத் தாமதிக்கவில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இத்துணை அவசரத்திலும் அரசு எவர் வளவுக்குள்ளும் தன்னிச்சையாய் நுழைந்துவிடவில்லை. வளவுக்கு உரியவர் ஒவ்வொருவரும் உட்புக இசைவதாக ஓர் அனுமதிப் பத்திரத்திற் கையொப்பமிட வேண்டியிருந்தது. இடிபாடு அகற்றுதற்கெனக் காப்புறுதிப் பணம் கிடைத்தவர், அவ்வேலைக்காக அரசும் செலவிட்டிருப்பின், அப்பணத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாகாது. ஒரே செலவுக்கு இருமுறை பணம் பெறுதல் முறையன்று என்பதே இதன் கருத்து. பொது நன்மையையும் தனி உரிமையையும் ஒருங்கே பேணுதற்கு இத்தகைய ஒழுங்குகள் இன்றியமையாதன.

அகற்றும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். மரக்கிளைகள் ஒரு புறம், கட்டடச் சிதைவுகள் ஒரு புறம், குளிர்சாதனப் பெட்டி முதலியன ஒரு புறம், மின்சாதனங்கள் ஒரு புறம், நிறப்பூச்சு, பூச்சிநாசினி போன்ற நச்சுப் பொருள்கள் மற்றொரு புறம் என வகைப்படுத்தி வீதியோரத்தில் வைக்குமாறு மக்கள் கேட்கப்படுவர். வகைப்படுத்தாது கலந்துவிட்டால், அரைத்துப் பயன்படுத்தக்கூடிய மரமும் உருக்கி விற்கக்கூடிய உலோகமும் வீணாவதோடு, நஞ்சும் நிலத்திற் சேரும். ஜொப்பிளினில் இவ்வபாயம் இருமடங்காயிருந்தது. அது பழைய ஈய, நாகச் சுரங்கங்கள் இருந்த நகர். சுரங்கக் கழிவு கலந்திருந்த மண்ணைக் காற்றும் இயந்திரங்களும் புரட்டிவிட்டமையால், பல வளவுகளில் ஈயம் மிகுந்திருத்தல் சோதனையிற் புலப்பட்டது. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சாதலால், அம்மண்ணை அகழ்ந்தெடுத்து நன்மண் நிரப்பும் வேலையும் துப்புரவோடு சேர்ந்தது. மேலே வெளியாகத் தோன்றும் நிலமெல்லாம் குடியிருக்கத் தகுந்த நிலமன்று என்பது இதனாற் பெறப்படும்.

அரசின் பங்கு இதுவாக, மக்கள் பங்கு யாது? நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பல்லாயிரந் தொண்டர்கள் வந்து குவிந்தனர். அன்பு மாத்திரம் கொண்டு ஒழுங்கின்றி வருவோர் உதவியாதலினும் இடையூறாதலே பெரிது. ஆதலின் அந்நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் நிலையம் அமைத்து, வந்தோர் பெயரைப் பதிந்து, அவரவர் வலிமைக்கேற்ற வேலையைப் பகிர்ந்து, உழைத்த மணித்தியாலங்களையும் குறித்துவைத்தனர். இக்குறிப்பு வெறும் எழுத்து வேலையன்று. தொண்டர் உழைப்பின் பெறுமதியை, உள்ளூரவர் இறுக்கவேண்டிய செலவுப் பங்குக்கு ஈடாகக் காட்டச் சட்டம் இடந்தந்தது. கூலி பெறாத கைகளின் உழைப்பு இவ்வாறு ஊரின் கடனை அடைக்கும் பொருளாயிற்று. ஊர் கூடித் தேர் இழுத்தல் என நாம் வழங்குவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கல்லூரி மலர் ஒன்றிலே இதனை எழுதுங்கால், அந்நகர்ப் பாடசாலையின் கதையைக் கூறாது விடுதல் தகாது. காற்று அடித்த அதே நாளில், உயர்தரப் பாடசாலை மாணவரின் வித்தியா பூர்த்தி விழா வேறொரு மண்டபத்தில் நடந்து சற்று முன்னரே முடிந்திருந்தது. பாடசாலைக் கட்டடம் பாழாயிற்று. அதன் பெயர்ப்பலகையில் 'ஓ', 'பீ' என்னும் ஆங்கில எழுத்துக்கள் இரண்டே எஞ்சி நின்றன. யாரோ ஒருவர் அவற்றின் முன்னும் பின்னும் ஓரோர் எழுத்தை ஒட்டி, நம்பிக்கை எனப் பொருள்படும் 'ஹோப்' என்னுஞ் சொல்லாக்கினார். ஆனால் நம்பிக்கை எழுத்தளவில் நின்றுவிடவில்லை. புதிய கல்வியாண்டு குறித்த நாளிலேயே தொடங்கும் எனக் கல்வி அதிகாரிகள் சில நாள்களுக்குள் அறிவித்தனர். அவ்வாறே ஆகத்து மாதம் 17ஆம் நாள், காற்று அடித்து 87ஆம் நாளில், வகுப்புகள் ஆரம்பமாயின. மேல்வகுப்பு மாணவர், கடைத்தொகுதி ஒன்றில் வெறுமையாய்க் கிடந்த பெருங்கடையைத் திருத்தியமைத்த வகுப்பறைகளிற் பயின்றனர். அவர்கட்கு மடிக்கணினிகள் வாங்க ஐக்கிய அரபு இராச்சியம் பொருளுதவி புரிந்தது. புதிய கட்டடம் 2014ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது.

மூன்றாண்டு பொறுத்திராது கடைக்குள்ளே பள்ளி தொடங்கியது ஏன்? பிள்ளைகட்குப் பாடசாலை இல்லாத ஊரிற் பெற்றோர் தங்கார். பெற்றோர் தங்காவிடின் கடைகளும் தொழில்களும் மீளா. ஆகவே பாடசாலைக்குக் குறித்த நாள், இடிபாடு அகற்றுவோர்க்கும் வீடு திருத்துவோர்க்கும் ஓர் இலக்காயிற்று.

பின்னர் நகரை எவ்வாறு திரும்ப அமைப்பது என்பதைப் பற்றிப் பொதுமக்களின் கருத்துக்கள் கூட்டங்களிற் கேட்டுத் திரட்டப்பட்டன. கூரையைச் சுவரோடும் சுவரை அத்திவாரத்தோடும் உலோகப் பட்டிகளாலும் ஆணிகளாலும் இறுகப் பிணைக்கவேண்டும் எனக் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. பாடசாலைகளிற் காற்றுக்குத் தாங்கும் புகலறைகள் எழுந்தன. எல்லாம் இனிதே முடிந்தன எனக் கூறுதற்கில்லை. நகரின் பெருந்திட்டங்களை நிறைவேற்றவென 2012ஆம் ஆண்டு அமர்த்தப்பட்ட வெளியூர்க் கம்பனி ஒன்று, 2015ஆம் ஆண்டு வேலையைக் கைவிட்டுச் சென்றது. குறித்த தவணையும், தெளிந்த கணக்கும், ஊரவர் கைகளும் சேர்ந்த வேலை நிறைவேறிற்று. பெருவாக்குறுதிகளை நம்பிப் பிறரிடம் விட்ட வேலை குறையாய் நின்றது.

'அரசு செய்யட்டும்' எனக் கைகட்டியிருப்பாரும், 'அரசால் யாது பயன்' எனப் பழிப்பாரும் எந்நாட்டிலும் உளர். இவ்விருவர்க்கும் ஜொப்பிளின் விடை கூறுகின்றது. முப்பது இலட்சம் கனயார் இடிபாட்டை அயலவர் கூடையிற் சுமந்து அகற்றல் இயலாது. அதற்குப் பொதுப் பணமும் இயந்திரமும் வேண்டும். வந்து நிற்கும் இயந்திரத்துக்கு இது என் வளவு, இதனை எடுக்கலாம், இதனை எடுக்கலாகாது எனக் காட்டுதற்கு ஊரவர் வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் போன்ற கூட்டுறவுகட்கு இதன்கண் ஒரு பாடம் உண்டு. உறுதிகளின் பிரதிகளைப் பாதுகாப்பான இடத்தில் வைத்தல், தொண்டர் பெயர்ப் பட்டியலை ஆயத்தஞ் செய்தல், கல்லூரி மண்டபத்தின் கூரைப் பிணைப்புக்களைச் சோதித்தல் ஆகியன பெரும் பொருட்செலவின்றிச் செய்யத்தக்கவை. இவற்றைக் காற்று எழுந்தபின் செய்தல் இயலாது. அமைதியான காலத்திலேயே செய்து முடித்தல் வேண்டும்.