ரெண்டு மிதி மிதிச்சாதான் பிரேக் பிடிக்குதா? லோடு வண்டி ஓட்டுறவங்க கவனத்துக்கு!

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் வாழைத்தார் ஏத்திக்கிட்டு நெல்லைக்கு வண்டி ஓட்டுறவரா நீங்க? அப்போ இந்த வசனம் உங்க காதிலும் விழுந்திருக்கும். "பிரேக் கொஞ்சம் டவுனுதான்... ரெண்டு மிதி மிதிச்சா பிடிச்சிக்கும்!"

பிடிக்கும்தான். ஆனா மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். முதல் மிதி வீணாகி ரெண்டாவது மிதி பிடிக்கிறதுக்குள்ள, குறுக்கே வந்த ஆட்டையோ சைக்கிளையோ வண்டி தாண்டியிருக்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுதுன்னா காரணம் இருக்கு. பெடல் எப்படி இறங்குதுன்னு கவனிச்சா, அந்தக் காரணத்தையும் பெரும்பாலும் கண்டுபிடிச்சிடலாம்.

உள்ளே என்ன நடக்குது?

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் பைப் வழியா நாலு சக்கரத்துக்கும் போய், முன்னால் டிஸ்க் பேடையும் பின்னால் டிரம் ஷூவையும் அழுத்தும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. காற்றைச் சுருக்க முடியும். லைனுக்குள் காற்று புகுந்துட்டா, உங்க காலோட பலம் அந்தக் குமிழியைச் சுருக்குறதுக்கே செலவாகிடும்.

நீங்களே கண்டுபிடிக்கலாம்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைங்க. இன்ஜினை அணைச்சிட்டு, பெடலை அஞ்சாறு தடவை மிதிச்சு பூஸ்டரில் இருக்கும் வேக்கத்தைக் காலி பண்ணுங்க. இப்போ பாருங்க.

• மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வருது, ஆனா ஸ்பிரிங் மாதிரி துள்ளுது: லைனில் காற்று.

• ரெண்டாவது மிதியில் மேலே வந்து கல்லு மாதிரி நிக்குது: பின்சக்கர ஷூ தேய்ஞ்சு, டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். அட்ஜஸ்ட் பண்ணணும், லைனர் தீர்ந்திருந்தா மாத்தணும்.

• அழுத்திப் பிடிச்சிருக்கும்போதே மெதுவா கீழே இறங்குது: எங்கேயோ ஒழுகுது, இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிடுச்சு. ஆயில் டப்பாவில் அளவு குறைஞ்சிருந்தா சக்கரங்களின் உள்பக்கம், பைப் மூட்டுகள், ஹோஸ் எல்லாத்திலும் ஈரம் தேடுங்க. அளவு குறையாம, வெளியே ஒரு சொட்டும் ஒழுகாம பெடல் மட்டும் இறங்கினா, மாஸ்டர் சிலிண்டர் மேல்தான் முதல் சந்தேகம்.

• இன்னொருத்தர் மிதிக்கும்போது ரப்பர் ஹோஸ் உப்புது: ஹோஸை மாத்துங்க.

இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது காலுக்குக் கீழே பெடல் லேசா இறங்குறது மட்டும் கோளாறு இல்லை. பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

மலை இறங்கினா மட்டும் பெடல் இறங்குதா?

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் சாலை மாதிரி மலைப்பாதைகளில் இது வரும். 2 டன் வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 60 லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நீங்க பிரேக்கிலேயே காலை வெச்சிக்கிட்டு வந்தா, அதில் பெரும்பங்கு சூடாக மாறி பிரேக்கில்தான் இறங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கும் குணமுள்ளது. புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4-க்கு இந்த அளவுகள் 230, 155. கொதிச்சா ஆவி, ஆவின்னா குமிழி, பெடல் தரைக்குப் போயிடும். வண்டி ஆறினதும் எல்லாம் சரியான மாதிரி தெரியும். அதை நம்பாதீங்க, ஆயிலை மாத்துங்க. பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறது நல்லது. ஏறின கியரிலேயே இறங்குங்கன்னு பெரியவங்க சொல்றதும் இதனாலதான்.

ஏர் எடுப்பது எப்படி?

முதலில் ஒழுகலைச் சரிபண்ணுங்க. அதை விட்டுட்டு ஏர் மட்டும் எடுத்தா, கொஞ்ச நாளில் திரும்ப அதே கதைதான்.

இந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும். மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பிக்கிறதுதான் பொதுவான வழக்கம். நம்ம ஊர் வண்டிகளில் அது பெரும்பாலும் இடது பின்சக்கரம். அடுத்து வலது பின், இடது முன், வலது முன். உங்க வண்டி மேனுவலில் வேற வரிசை இருந்தா அதையே பின்பற்றுங்க.

நிப்பிளில் ஒரு தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊத்தின பாட்டிலுக்குள் விடுங்க. ஒருத்தர் மெதுவா மூணு தடவை மிதிச்சு, அழுத்திப் பிடிக்கணும். மத்தவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்கணும். பெடல் கீழே போனதும் நிப்பிளை மூடணும். மூடின பிறகுதான் காலை எடுக்கணும். குமிழி வராத வரைக்கும் இதையே செய்யுங்க. நடுவில் டப்பா காலியாக விட்டுடாதீங்க. காலியானா முதலிலிருந்து தொடங்கணும்.

வெளியே வந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊத்தாதீங்க. அவசரத்துக்குன்னு இன்ஜின் ஆயில் ஊத்தவே கூடாது. ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுடும். ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் சிலவற்றுக்கு ஸ்கேனர் தேவைப்படும். அதையும், மாஸ்டர் சிலிண்டர் வேலையையும் மெக்கானிக்கிடம் விட்டுடுங்க.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை ஜங்ஷன் வரை வெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அப்படி முழுகின வண்டிக்கு டிரம்மைக் கழற்றிச் சேறு எடுக்கணும், பிரேக் ஆயிலையும் மாத்தணும். தண்ணீரில் இறங்கி ஏறினதும் பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா, ஷூ நனைஞ்சிருக்கு. மெதுவா ஓட்டி, லேசா மிதிச்சு மிதிச்சுக் காய வைங்க.

ஓடும்போதே பெடல் போயிடுச்சா?

வேகமா பம்ப் பண்ணுங்க. கியரை ஒவ்வொண்ணா குறைங்க. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் தனி கேபிளில் வேலை செய்யும். அதை ஒரேயடியா இழுக்காம, பட்டனை அழுத்திக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுங்க. ஹாரனை விடாதீங்க. வண்டி நின்ன பிறகு, "பக்கத்து ஊர் வரைக்கும்தானே"ன்னு திரும்ப எடுக்காதீங்க.

தினமும் லோடு ஏத்துறதுக்கு முன்னாடி ஆயில் டப்பாவை ஒரு பார்வை பாருங்க, பெடலை 30 விநாடி அழுத்திப் பிடிச்சுப் பாருங்க. ஒரு டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.